கழிவுநீரில் கரைந்துபோன தீ

கிழக்கிலங்கையின் நெல்லைப் பற்றிப் பேசாதவர் இல்லை. வைக்கோலைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். சாகாமம் குளத்தின் நீரை நம்பிய வட்டைகளிலும் சரி, பட்டிப்பளை ஆற்று நீர் பாயும் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களிலும் சரி, சூடடித்து நெல்லை மூட்டை கட்டிய பின் களத்தில் எஞ்சும் வைக்கோல் நெல்லின் எடைக்கு அதிகம் குறைந்ததன்று. அதில் ஒரு பங்கு மாட்டின் வாய்க்குப் போகும். பெரும் பங்கு நெருப்பின் வாய்க்குப் போகும். இந்த எளிய பொருளுக்கும் ஒரு காலத்தில் விலை வந்தது. ஒரு பெரிய ஆலை கிழக்கின் வைக்கோலைக் காசு கொடுத்து வாங்கிற்று. அதனைக் கடதாசியாக்கி நம் பிள்ளைகளின் கைகளிற் கொடுத்தது. அவ்வாலையின் முன்வாசலால் வெளிவந்த கடதாசியின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அதன் பின்வாசலால் ஓடிய கறுப்பு நீரின் வரலாற்றையும், அதுபோன்ற நீரிலிருந்து பிற நாடுகள் எரிவாயு எடுத்த வரலாற்றையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலங்கை சுதந்திரமடைந்த 1948ஆம் ஆண்டில் கைத்தொழில் அமைச்சராகப் பொறுப்பேற்றவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயன ஆலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை ஆகிய மூன்றும் அவர் காலத்து முயற்சிகளோடு இணைத்துப் பேசப்படுபவை. பரந்தனில் உப்பிலிருந்து எரிசோடா செய்வது. அந்த எரிசோடாவில் வாழைச்சேனை வைக்கோலை அவிப்பது. வடக்கின் உப்பும் கிழக்கின் வைக்கோலும் சேர்ந்து நாட்டுக்குக் கடதாசி தருவது - திட்டம் அழகிய திட்டமே. 1956ஆம் ஆண்டளவில் வாழைச்சேனை ஆலை இயங்கத் தொடங்கிற்று. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டது என்பதை நாம் மறக்கவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே முறைமாற்றில் நின்று வேலைசெய்த இடங்கள் நமது மாகாணத்தில் அதிகமில்லை. அவ்வாலை அவற்றுள் ஒன்று.

பொன்னம்பலத்தின் அமைச்சு, கைத்தொழிலுக்கு மட்டும் உரியதன்று. கடற்றொழிலும் அதிலேயே அடங்கியிருந்தது. ஆலையை அமைப்பவரும் மீனவனைக் காப்பவரும் ஒரே மேசையில் இருந்தனர் என்பது பொருள். ஆயினும் ஆலையின் கழிவு போய்ச் சேர்ந்த இடம் வாழைச்சேனைக் களப்பு.

அக்கழிவு எத்தகையது என்பதைச் சற்று விளக்கவேண்டும். வைக்கோலை எரிசோடாவில் அவித்தால் அதன் நார் தனியே பிரிகிறது. நாரை ஒட்டவைத்திருந்த பசையும், சர்க்கரைப் பொருள்களும், லிக்னின் என்னும் மரச்சத்தும் நீரிற் கரைந்துபோகின்றன. ஏறக்குறைய வைக்கோலின் பாதி எடை கடதாசிக்கு வருவதில்லை; நீரோடு போகிறது. தேயிலைச் சாயத்தைப் பத்து மடங்கு தடிப்பாக்கினாற்போன்ற அந்நீரை உலகத்துக் கடதாசித் தொழிலாளர் யாவரும் கறுப்பு நீர் என்றே அழைக்கின்றனர். அது களப்பிற் கலந்ததும் நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைத் தின்னத் தொடங்கும். தின்பதற்கு நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனைக் குடிக்கும். மீனுக்கும் இறாலுக்கும் மூச்சு இல்லாமற் போகும். களப்பை நம்பியவனின் வலையிலே முதலாளியும் அரசாங்கமும் எழுதாத ஒரு செலவு எழுதப்படுகிறது.

மரத்திலிருந்து கடதாசி செய்யும் பெரிய ஆலைகள் இக்கறுப்பு நீரைக் காய்ச்சித் தடிப்பாக்கி, கொதிகலனில் எரித்து, சோடாவை மீட்டுக்கொள்கின்றன. வைக்கோல் ஆலைகள் அவ்வாறு செய்யாதது முழுவதும் சோம்பலால் அன்று. நெற்பயிரின் தாளிலும் உமியிலும் சிலிக்கா என்னும் மணற்சத்து நிறைய உண்டு. நெல் அறுக்கும்போது நம் கையைக் கீறுவது அதுவே. கறுப்பு நீரைக் காய்ச்சும் குழாய்களிலே அது கண்ணாடிபோற் படிந்து அடைத்துவிடும். சிறிய வைக்கோல் ஆலைக்கு மீட்புக் கொதிகலன் கட்டுப்படியாகாது என்று உலகெங்கும் கணக்குப் பார்த்தார்கள்; கணக்குப் பார்த்து ஆற்றிலே விட்டார்கள். அக்கணக்கில் ஆறு ஓர் இலவசப் பாத்திரம்.

ஆயின், கறுப்பு நீரைக் காய்ச்சாமலே அதிலுள்ள தீயை எடுக்க வழியுண்டா? உண்டு. அந்த வழி புதியதுமன்று.

சதுப்பு நிலங்களில் இரவிலே தோன்றும் நீல வெளிச்சத்தைக் கண்டு நம் முன்னோர் கொள்ளிவாய்ப் பிசாசு என்றனர். ஐரோப்பாவிலும் இதே அச்சம் வேறு பெயர்களில் இருந்தது. 1776இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்ற்றா, மஜ்ஜோரே ஏரியின் கரைச் சேற்றை ஒரு கோலாற் கிளறி, மேலெழுந்த குமிழிகளைப் போத்தலிற் பிடித்து, தீ வைத்துப் பார்த்தார். நீலச் சுடர் எரிந்தது. இலைதழைகள் காற்றுப்படாத சேற்றினுள் அழுகும்போது பிறக்கும் அவ்வாயுவே இன்று மெதேன் எனப்படுகிறது. காற்றோடு அழுகினால் நாற்றமும் வெப்பமுமாகச் சிதறிப்போவது, காற்றின்றி அழுகினால் எரிபொருளாகச் சேமிக்கப்படுகிறது. காற்றை விரும்பாத பற்றீரியாக்கள் செய்யும் வேலை அது. கூலி கேளாத உழைப்பு.

மின்கலத்தைக் கண்டறிந்தவர் என்று பாடப் புத்தகங்களில் நாம் பயிற்றுவிக்கும் அதே வோல்ற்றாதான் இவர். சேற்றுக் குமிழியைப் பிடித்த கதையைப் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை.

இவ்வாயுவை மனிதக் கழிவிலிருந்து எடுத்துப் பயன்படுத்தியதில் முதன்மையான இடங்களுள் இரண்டை வரலாறு குறிப்பிடுகிறது. ஒன்று இங்கிலாந்தின் எக்சிற்றர் நகரம். 1895இல் அங்கே கழிவுத் தொட்டியின் வாயுவால் விளக்கு எரித்தார்கள். மற்றது நமக்கு மிக அருகே உள்ளது. பம்பாயில் மாட்டுங்கா என்னுமிடத்தில், வீடற்ற தொழுநோயாளருக்காக 1890இல் அமைத்த இல்லம் ஒன்று இருந்தது. 1897ஆம் ஆண்டில் அவ்வில்லத்தின் கழிவுத் தொட்டிகளுக்கு வாயு சேர்க்கும் மூடிகள் பொருத்தினர். அவ்வாயு விளக்கெரிக்கவும் பின்னர் எந்திரம் ஓட்டவும் பயன்பட்டது. ஊரார் தீண்ட மறுத்த மக்களின் கழிவே ஆசியாவில் இவ்வகைச் சக்திக்கு முன்னோடியாயிற்று. பம்பாயின் பஞ்சாலைகளோ சாயத் தொழிற்சாலைகளோ அதைக் கண்டு கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. தேவைப்படவில்லை, நிலக்கரி மலிவு, கடல் அருகே.

இதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் இவ்வறிவு கிராமத்து மாட்டுத் தொழுவத்திலேயே தங்கிவிட்டது. 1930களின் இறுதியில் தில்லியிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் தேசாய் சாணத்தைக் கொண்டு ஆய்வு செய்தார். 1950களின் தொடக்கத்தில் ஜஷ்பாய் பட்டேல் மிதக்கும் இரும்பு மூடியுடைய சாணவாயுக் கலத்தை உருவாக்கினார். 1960களில் காதி கிராமக் கைத்தொழில் ஆணைக்குழு அதனை ஊர்தோறும் கொண்டுசென்றது. ஏழைப் பெண்ணின் கண்ணிலிருந்து புகையைத் துடைத்த முயற்சி என்று இதனை நாம் மதிக்கிறோம். எனினும் ஒரு வினா எழாமலில்லை. இரண்டு மாடு வைத்திருக்கும் குடியானவனிடம் கழிவை வீணாக்காதே என்று உபதேசித்த அதே காலத்தில், நாளொன்றுக்கு இலட்சக்கணக்கான இலீற்றர் கழிவை ஆற்றில் விட்ட ஆலைக்காரனிடம் அதே உபதேசத்தை யார் செய்தார்?

ஆலைக்காரன் பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். சாணம் தடிப்பானது, அதைத் தொட்டியில் ஒரு மாதம் கிடத்திவைக்கலாம். ஆலைக் கழிவோ நீர்த்தது, வெள்ளம்போல் வருவது. அதை ஒரு மாதம் தேக்கிவைக்க ஒரு குளமே வேண்டும். சிறிய தொட்டியில் விரைவாக ஓடவிட்டால் மெதுவாக வளரும் மெதேன் பற்றீரியாக்கள் நீரோடு அடித்துச் செல்லப்பட்டுவிடும். வேலைக்காரரே ஓடிப்போனால் வேலை எங்கே நடக்கும்?

இம்முடிச்சை அவிழ்த்தவர் ஒல்லாந்து தேசத்து வாகனிங்கன் விவசாயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காற்சே லெற்றிங்கா. 1970களில் அவரும் அவரது மாணவரும் பீற்றுச் சீனி ஆலைகளின் கழிவைக் கொண்டு ஆராய்ந்தனர். கழிவுநீரைத் தொட்டியின் மேலிருந்து ஊற்றாமல் அடியிலிருந்து மெல்ல மேலே ஏறவிட்டார்கள். அப்போது ஓர் அதிசயம் நிகழ்ந்தது. பற்றீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கடுகளவு, குரக்கனளவு மணிகளாக உருண்டுகொண்டன. மணி கனமானது, நீர் மேலே போனாலும் அது அடியிலேயே கிடக்கிறது. மேலேறும் நீர் அம்மணிப் படுக்கையினூடே வடிகட்டப்படுவதுபோற் செல்கிறது; வாயு குமிழியாகப் பிரிந்து மேல் மூடியிற் சேர்கிறது. மாதக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கிற்று. நீரைச் சுற்றச் சுழற்ற எந்திரம் வேண்டாம். காற்றுப் பாய்ச்ச மின்சாரம் வேண்டாம். லெற்றிங்கா இக்கண்டுபிடிப்புக்குத் தனியுரிமை பதிவு செய்து பணம் பண்ணவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 2007இல் சுற்றாடல் துறைக்குரிய ரைலர் பரிசு அவரைத் தேடி வந்தது.

அவர் ஆராய்ந்த காலம் எது என்பதைக் கவனியுங்கள். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. எண்ணெய் விலை ஏறிற்று. அதுவரை கழிவுநீருக்குக் காற்றுப் பாய்ச்சுவதற்கு மின்சாரத்தைத் தண்ணீராய்ச் செலவிட்ட மேற்கு நாட்டு ஆலைகள், அக்கழிவே எரிபொருள் தரும் என்றதும் காது கொடுத்தன. வோல்ற்றாவுக்குப் பின் இருநூறு ஆண்டுகள் தூங்கிக் கிடந்த அறிவு, எண்ணெய் விலை கன்னத்தில் அறைந்ததும் கண் விழித்தது.

இனி நமது கறுப்பு நீருக்கு வருவோம். இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்தில் முக்த்சருக்கு அருகே ரூபாணா என்றொரு கிராமம் உண்டு. அங்குள்ள சாத்தியா காகித ஆலை, கோதுமை வைக்கோலிலிருந்து காகிதம் செய்தது. அதாவது வாழைச்சேனையின் உடன்பிறப்பு. கறுப்பு நீரை என்ன செய்வதென்ற அதே கேள்வி அங்கும் இருந்தது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் துணையோடும் இந்திய அரசின் ஆதரவோடும், 1990களின் பிற்பகுதியில் அங்கே லெற்றிங்காவின் முறையைப் பின்பற்றிய கலம் அமைக்கப்பட்டது. வைக்கோலின் கறுப்பு நீர் வாயுவாக மாறிக் கொதிகலனில் எரிந்தது. வாழைச்சேனைக் களப்பில் பல ஆண்டுக் காலம் கரைந்துபோன அதே தீ, பஞ்சாபில் நீராவியாக மாறி ஆலையை ஓட்டிற்று.

இதனைக் கேட்டுக் குதித்துவிடவும் கூடாது. கறுப்பு நீரின் கறுப்பு நிறத்துக்குக் காரணமான லிக்னினைப் பற்றீரியாக்கள் தொடமாட்டா. வாயு எடுத்த பின்னும் நீர் கறுப்பாகவே இருக்கும். அதனை வேறு முறையாற் பிரிக்கவேண்டும். சோடாவும் நீரிலேயே நிற்கும். கழிவு முழுவதும் சக்தியாகிவிடும் என்று சொல்பவர் வியாபாரியாக இருப்பார்; விஞ்ஞானியாக இருக்கமாட்டார்.

இதற்குக் கான்பூர் சாட்சி. கங்கையைத் தூய்மை செய்யும் திட்டம் 1986இல் தொடங்கியபோது, ஒல்லாந்து அரசின் உதவியோடு, தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைந்த ஜாஜ்மவ் பகுதியில் இக்கலங்கள் கட்டப்பட்டன. 1989இல் நாளொன்றுக்கு 50 இலட்சம் இலீற்றர் கொள்ளும் ஒன்று. 1994இல் 3 கோடியே 60 இலட்சம் இலீற்றர் கொள்ளும் இன்னொன்று. இரண்டாவதில் தோற் கழிவு ஒரு பங்கு என்றால் நகரத்துச் சாக்கடை நீர் மூன்று பங்கு. வாயு வந்தது, மின்சாரமும் எடுத்தார்கள். ஆனால் தோல் பதனிட இடும் குரோமியம் உலோகம். அதனை எந்தப் பற்றீரியாவும் தின்னாது. கலத்தைக் கடந்து வந்த நீர் கீழுள்ள கிராமங்களின் வயல்களுக்குப் பாய்ச்சப்பட்டது. தங்கள் மண்ணிலும் மாட்டிலும் நோய் கண்டதென அவ்வூர் மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்தனர். தோற்றொட்டியில் முழங்காலளவு நின்று உழைத்த ஏழைத் தொழிலாளிக்கு முன்னும் பின்னும் ஒரே நாற்றந்தான். பொதுக் கலத்தைப் பராமரிக்கும் பணத்தை ஆலைகள் தருவதா, மாநகரசபை தருவதா என்ற இழுபறி ஓய்ந்தபாடில்லை. வாயு எடுக்கும் கலம், குரோமியத்தை ஆலை வாசலிலேயே மறித்துப் பிடிக்கும் பொறுப்பிலிருந்து ஆலைக்காரனை விடுவிக்கும் சீட்டாகிவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் இரண்டு இடங்களைப் பார்ப்போம். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை: ஒன்று அரசாங்கத்தின் பேராலை, மற்றது நூற்றுக்கணக்கான சிற்றாலைகளின் கூட்டம்.

காவிரிக் கரையில், கரூரை அடுத்த புகளூரில், தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979இல் நிறுவப்பட்டு 1980களின் நடுப்பகுதியில் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஆலையைச் சுற்றிய ஊருக்குக் காகிதபுரம் என்றே பெயராயிற்று. இதன் மூலப்பொருள் கரும்புச் சக்கை. சீனி ஆலைகள் பிழிந்துவிட்ட சக்கையைக் குவித்துவைத்து, கழுவி, பின்னர் அவிப்பார்கள். கழுவிய நீரில் சீனியின் மிச்சம் கரைந்திருக்கும். பற்றீரியாவுக்கு அதைவிடச் சுவையான விருந்து கிடையாது. 2003ஆம் ஆண்டில் இந்நீரிலிருந்து வாயு எடுக்கும் கலங்கள் அங்கே இயங்கத் தொடங்கின. வாயுவை எங்கே கொண்டுசென்றார்கள் என்பது முக்கியம். காகித ஆலைக்குச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்புச் சூளைக்கு உலை எண்ணெய் வேண்டும். உலை எண்ணெய் கப்பலில் வருவது, விலை கூடியது. அந்தச் சூளையின் வாயிலே இவ்வாயுவைக் கொடுத்தார்கள். எண்ணெய்ச் செலவு குறைந்தது. கணக்குப் புத்தகம் சிரித்தது. திறந்த குட்டையில் விட்டிருந்தால் அதே மெதேன் வானத்துக்குப் போயிருக்கும். நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. அதைத் தடுத்ததற்காக உலகச் சந்தையில் ஒரு வரவும் ஆலைக்குக் கிடைக்கும் ஏற்பாடு அக்காலத்தில் இருந்தது.

சேலத்துக் கதை இதைவிட நமக்கு நெருங்கியது. இரண்டாம் உலகப் போரில் மலாயாவும் யாவாவும் யப்பானியர் கைக்குப் போனதும் சவ்வரிசி வரத்து நின்றுவிட்டது. 1943இல் மாணிக்கம் செட்டியார் என்ற வியாபாரியும், மலாயாவில் அத்தொழிலை அறிந்துவந்த பொபட்லால் ஷாவும் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி செய்யத் தொடங்கினர். போர் பெற்ற அப்பிள்ளை வளர்ந்து நூற்றுக்கணக்கான ஆலைகளாயிற்று. இடைத்தரகரின் பிடியிலிருந்து தப்ப, 1981இல் ஆலைக்காரர் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் ஒன்றையும் கண்டனர். சேகோசர்வ் என்பது அதன் பெயர். ஆனால் கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவை வடித்த நீர் வாய்க்காலிலே புளித்து, சுற்றியிருந்த கிணறுகளின் நீரைக் கெடுத்தது. சேலம், நாமக்கல் பக்கத்து மக்கள் அந்தப் புளிப்பு நாற்றத்தை மூக்கால் அறிந்தவர்கள். பிற்காலத்தில், சட்டத்தின் நெருக்குதலும் அரசின் மானியமும் மின்வெட்டின் தொல்லையும் ஒன்றுசேர, பல ஆலைகள் கழிவுநீரை மூடிய கலங்களில் இட்டு வாயு பிடித்து, மின்பிறப்பாக்கிகளை ஓட்டலாயின. மின்வெட்டு அவர்களுக்குச் செய்த உபகாரத்தை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி செய்தாரா என்பது ஐயமே.

இவ்விரண்டையும் பஞ்சாபோடு சேர்த்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். வாயு பிடித்த ஆலைகள் எல்லாம் எரிபொருளை அல்லது மின்சாரத்தைக் காசு கொடுத்து வாங்கியவை. நாற்றம் மட்டும் யாரையும் அசைக்கவில்லை. நாற்றத்தின் விலையை மூக்குள்ளவன் கொடுத்தான், ஆலைக்காரன் கொடுக்கவில்லை.

இதை மனத்திற் கொண்டு நமது கரைக்குத் திரும்புவோம். ஹிங்குராண சீனி ஆலையையும் அதன் மதுசாரக் கழிவையும் பற்றித் தனிக் கட்டுரையே எழுதவேண்டும்; இங்கே நெல் ஆலையோடு நிறுத்திக்கொள்வோம். சம்மாந்துறையிலிருந்து அக்கரைப்பற்று வரை புழுங்கல் அரிசி செய்யும் ஆலைகள் எத்தனை என்பதை வழிப்போக்கன் எண்ணவேண்டியதில்லை. ஊறவைத்த நெல்லின் புளித்த வாசனையே எண்ணிக்காட்டும். ஒரு கிலோ நெல்லை ஊறவைத்து அவிக்க ஏறக்குறைய ஒரு இலீற்றருக்கு மேல் நீர் கழிவாகிறது. ஆலையின் வாய்க்கால் தெருக் கானுக்குப் போகிறது. கான் தோணாவுக்குப் போகிறது. தோணாவின் வாய் மணலால் மூடிக்கிடக்கும் மாதங்களில் அந்நீர் எங்கும் போகாமல் நம் வீட்டுப் புறத்திலேயே தங்குகிறது.

நாளொன்றுக்குப் பத்துத் தொன் நெல் அவிக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். கழிவுநீர் பத்தாயிரம் இலீற்றர். கழிவின் வலிமையை, அதனை முற்றாக எரிக்க எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்ற கணக்கால் அளப்பது விஞ்ஞானிகள் வழக்கம். ஓர் இலீற்றருக்கு நான்கு கிராம் என்று வைத்தால், நாளுக்கு 40 கிலோகிராம். கலம் அதில் முக்காற் பங்கை, அதாவது 30 கிலோகிராமை அழிக்கும் என்க. கிலோகிராம் ஒன்றுக்கு 0.35 கனமீற்றர் மெதேன் கிடைக்கும் என்பது இரசாயனக் கணக்கு. ஆகவே பத்துக் கனமீற்றருக்குச் சற்று மேல். வீட்டு அடுப்புக்கு வாங்கும் 12.5 கிலோகிராம் எரிவாயு சிலிண்டர் கணக்கில் சொன்னால், மூன்று நாளைக்கு ஏறக்குறைய இரண்டு சிலிண்டர்.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். வெறும் சிலிண்டரை வீதியில் வரிசையாக வைத்து, அதன் பக்கத்தில் குடை பிடித்து, இரவு பகலாகத் தாய்மார் நின்ற ஆண்டு அது. நோன்பு மாதத்திலும் அவ்வரிசை கலையவில்லை. விறகு கிடைத்தவர் பாக்கியசாலி. அவ்வரிசைகள் நின்ற தெருக்களின் கான்களிலேயே ஆலைக் கழிவு குமிழியிட்டுக் கொண்டிருந்தது. அக்குமிழியினுள் இருந்தது மெதேன்.

ஆலைக்காரர் ஏன் அதைப் பிடிக்கவில்லை? மேலே கண்ட ஒழுங்கு விடை தருகிறது. நெல் ஆலையின் கொதிகலன் உமியால் எரிகிறது. உமி அவருக்குச் சும்மா கிடைப்பது. எரித்தும் மீதி கிடப்பது. வாயு அவருக்குத் தேவையே இல்லை. புகளூரில் சுண்ணாம்புச் சூளை செய்த உபகாரத்தையும், சேலத்தில் மின்வெட்டு செய்த உபகாரத்தையும் இங்கே செய்ய எதுவும் இல்லை. வாயுவால் பயன்பெறக்கூடியவர் ஆலையைச் சுற்றிக் குடியிருக்கும் இருபது வீட்டுக்காரர். கலம் கட்டக்கூடியவர் ஆலைக்காரர். ஒருவர் கையில் பணம், மற்றவர் மூக்கில் நாற்றம். சந்தை தானாகவே இவ்விருவரையும் ஒரு மேசையில் இருத்தும் என்று காத்திருப்பது வீண்.

அவர்களை இருத்தவேண்டியது சட்டம். அச்சட்டம் இல்லாமலுமில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும், அதன்கீழ் வந்த மத்திய சுற்றாடல் அதிகாரசபையும், 1990இல் தொடங்கிய சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திர முறையும் நாற்பது ஆண்டுக் கால ஏற்பாடுகள். நெல் அவிக்கும் ஆலைகளும் அனுமதிப்பத்திரப் பட்டியலுக்கு உட்பட்டவையே. இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல், பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவனே அதன் செலவைத் தாங்கவேண்டும் என்று தீர்த்தது. அனுமதிப்பத்திரம் கொடுக்கும் அதிகாரி, வாய்க்காலை மூடினாயா என்று மட்டும் கேளாமல், அதிலுள்ள வாயுவை யாருக்குக் கொடுத்தாய் என்றும் கேட்கத் தொடங்கினால் ஆலைக்காரரின் கணக்கு மாறும். தனி ஆலைக்குச் செலவு மிகும் எனின், நாலைந்து ஆலைகள் சேர்ந்து ஒரு கலம் அமைக்கலாம். பிரதேச சபை இடம் கொடுக்கலாம். கூட்டுறவுச் சங்கம் வாயுவைப் பங்கிடலாம். சேலத்தார் சவ்வரிசியை விற்கச் சங்கம் கண்டார்களே!

கருவிக்கு அந்நிய நாட்டுக்குப் போகவேண்டியதுமில்லை. அகலவத்தையிலுள்ள நமது இறப்பர் ஆராய்ச்சி நிறுவனம், இறப்பர் ஆலைக் கழிவுக்காக மூடிய கால்வாய்க் கலம் ஒன்றை உருவாக்கியது. பற்றீரியாக்கள் பற்றிக்கொண்டு வாழ அதில் நிரப்பப்படுவது தேங்காய்த் தும்பு. ஒல்லாந்தில் மணியாக உருண்டு அடியிற் கிடந்த பற்றீரியா, இங்கே தும்பைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. ஓடும் நீர் அதைக் கொண்டுபோவதில்லை. நமது கரையிலே தும்புக்குப் பஞ்சமா?

இன்னுமோர் ஐயத்தை ஆலைக்காரர் கிளப்புவது வழக்கம். நெல் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. பெரும்போகத்துக்குப் பின் இரவு பகல் வேலை, இடையிலே ஆலை சும்மா கிடக்கும். பற்றீரியா பட்டினியாற் செத்துவிடாதா என்பர். இதற்கு விடை லெற்றிங்காவின் காலத்திலேயே கிடைத்துவிட்டது. ஒல்லாந்தின் பீற்றுச் சீனி ஆலைகள் ஆண்டில் மூன்று நான்கு மாதங்களே இயங்குபவை. மற்ற மாதங்களில் கலத்தின் அடியிலுள்ள மணிகள் உணவின்றி உறங்கும். அடுத்த அறுவடையின் முதற் கழிவுநீர் வந்ததும் சில நாளில் விழித்து மீண்டும் வாயு விடும். சாகாமத்து வட்டைகளின் சிறுபோக நெல் ஆலைக்கு வந்து சேரும்வரை அவை பொறுத்திருக்கும்.